இந்திர ஆரம்

பாண்டியர் குலத்துக்கு இந்திரன் அளித்ததாகக் கருதப்பட்ட மார்பணி. மதுரையின் அரசுரிமைச் சின்னங்களுள் ஒன்று. மழை வேண்டி இந்திரனிடம் சென்ற மூவேந்தருள் பாண்டியன் மட்டும் அவனுடைய அரியணையில் சரிசமமாக அமர்ந்தான் என்றும், சினந்த இந்திரன் கொடுத்த பெருஞ்சுமையான ஆரத்தை எளிதாகப் பூண்டான் என்றும் திருவிளையாடற் புராணம் கூறும். சிலப்பதிகாரத்திலும் இக்குறிப்பு உண்டு. இந்நூல்களின் காலம் பற்றி ஒத்த கருத்தில்லை.

ஆரம் 10ஆம் நூற்றாண்டு ஆவணம் ஒன்றில் தெளிவாகத் தென்படுகிறது. பாண்டிய மன்னன் இரண்டாம் இராசசிம்மனின் சின்னமனூர்ச் செப்பேடு, அவன் முன்னோர் இந்திரனது ஆரம் பூண்டதையும், வளையெறிந்து இந்திரன் முடியை உடைத்ததையும் பெருமிதத்தோடு சொல்கிறது. முதற் பராந்தக சோழனிடம் மதுரையை இழந்தவனும் இதே இராசசிம்மன்தான். ஈழத்தில் அடைக்கலம் புகுந்த அவன், அங்கே எதிர்பார்த்த படையுதவி கிட்டாமல், முடி முதலியவற்றை அங்கேயே வைத்துவிட்டுத் தாய்வழி உறவுள்ள சேரநாடு சென்றான் என்கிறது ஈழத்து வரலாற்று நூலான சூளவம்சம். மதுரையில் முடிசூட விரும்பிய பராந்தகன் அவற்றைக் கேட்டு ஆளனுப்பினான். ஈழ மன்னன் மறுத்தான். சோழப்படை கடல் கடந்தபோது அம்மன்னன் அவற்றுடன் தென்கிழக்கே உள்ள உரோகணப் பகுதிக்கு ஓடிவிட்டான். வெற்றி பெற்றும் பராந்தகன் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது.

ஏறத்தாழ 1017இல் சோழ மன்னன் முதலாம் இராசேந்திரன் ஈழத்தை வென்று, பாண்டியன் வைத்துச்சென்ற முடியையும் இந்திரன் ஆரத்தையும் கைப்பற்றியதாக அவனது மெய்க்கீர்த்தி அறிவிக்கிறது. சூளவம்சமும் இப்போரில் முடியும் அணிகளும் பறிபோனதைச் சொல்கிறது. எனினும் இரு பட்டியல்களும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னன் ஒருவன் 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த பட்டு நூலை அணிந்திருந்ததையும், நாள்தோறும் அதே எண்ணிக்கையில் மந்திரம் சொன்னதையும், அது முன்னோர் வழி வந்ததையும் எழுதினார். இதைப் பழைய ஆரத்தோடு இணைப்பது ஊகமே.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் பாண்டியர் முடி பற்றிய வேறொரு மணிக்கதை இன்றும் நிகழ்த்தப்படுகிறது. கருவூலம் கொள்ளைபோனதால் இளவரசனின் முடிக்கு மணி இல்லாதபோது இறைவனே வணிகனாக வந்த ‘மாணிக்கம் விற்ற லீலை’ அது.