முதல் மாத வாடகை

2012ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 27ஆம் நாள். சிகாகோ நகரிலே ஏறத்தாழ 300 ஊழியர்கள் கடைசிச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினர். அன்று கதவடைத்தது ஆலையுமன்று, வங்கியுமன்று. குழந்தைகள் காப்பகம், ஆதரவற்ற பிள்ளைகளின் பராமரிப்பு, வேலைப் பயிற்சி என ஆண்டுதோறும் சுமார் 60,000 பேருக்குத் தொண்டாற்றி வந்த ஜேன் ஆடம்ஸ் ஹல் மாளிகைச் சங்கம்! மார்ச்சு வரையேனும் நடக்கும் என்றனர்; சனவரியைக்கூடத் தாண்டவில்லை. அதன் வருவாயில் நூற்றுக்கு 85 பங்கு அளவு அரசாங்கப் பணம். ஊற்று அடைபட்டது, கிணறு வறண்டது. 122 ஆண்டு வரலாறு ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.

நன்கொடையில் பிறந்தது நன்கொடையோடு மாயும், இதில் வியப்பென்ன என்று கேட்போர் உளர். அதே நிலையத்தின் இளமைக் காலமோ வேறு கதை சொல்கிறது, தோழர்களே!

1889இல் ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் எனும் நங்கையர் இருவர், சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவிலே பழைய மாளிகையொன்றில் குடியேறினர். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், யூதர், ஐரிஷ்காரர்; பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தோர். மாளிகைக்கு உரியவரான ஹெலன் கல்வர் அதனை வாடகையின்றி விட்டுக்கொடுத்தார். தந்தை வைத்துச் சென்ற சொத்தை ஆடம்ஸ் செலவிட்டார். செல்வச் சீமாட்டிகள் சிலரும் அள்ளித் தந்தனர். சிறுவருக்கு ஆடுகளம் வந்தது, உடற்பயிற்சிக் கூடம் வந்தது, இசைக்குழு வந்தது. ஏழைத் தையற்காரரின் மகன் பென்னி குட்மன் அக்குழுவிலும் கிளாரினெட் பழகினார்; பின்னாளில் அமெரிக்காவே அவர் குழலுக்கு ஆடிற்று.

ஆயினும் இவற்றினும் சிறியதொன்று உண்டு. அதற்கு ஜேன் மன்றம் என்று பெயர்.

காலணித் தொழிற்சாலை ஒன்றிலே வேலைநிறுத்தம். உறுதி குலைந்து முதலில் பணிந்தவர்கள், வாடகை விடுதிகளில் தங்கியிருந்த இளம்பெண்கள். விடுதிப் பணம் தவறினால் தெருவில் நிற்க நேருமே என்ற அச்சம்! நமக்கென்று ஒரு விடுதி இருந்தால் ஒருவரையொருவர் தாங்கி நிற்கலாமே என்று அவர்களே பேசிக்கொண்டனர். பீட்ரிஸ் பாட்டர் கூட்டுறவு இயக்கம் பற்றி எழுதிய நூலை ஒன்றாக அமர்ந்து உரக்கப் படித்தனர். 1891 மே முதல் நாள் குடியேறினர். ஹல் மாளிகை கொடுத்த மானியம் என்ன தெரியுமா? தட்டுமுட்டுச் சாமான்களும் முதல் மாத வாடகையும். அவ்வளவே! அதன்பின் வாடகை, உணவு, விளக்கு, கணப்பு அனைத்தும் பெண்கள் வாரந்தோறும் செலுத்திய 3 டாலரில் நடந்தன. பொறுப்பாளர்களைத் தமக்குள்ளேயே தேர்ந்தெடுத்தனர். பொறுப்பேற்றோர் ஊதியமின்றி உழைத்தனர். மூன்றாம் ஆண்டு முடிவில் 50 பேர்!

மன்றமோ படிப்பகமோ நடத்திப் பார்த்தவர் அறிவர்: முதல் மாத வாடகைக்கு ஆள் கிடைப்பது அரிதன்று, பதின்மூன்றாம் மாத வாடகைக்கே நாதி இராது.

இந்த மன்றத்துக்குத் தனிக் கட்டடம் எழுப்ப 20,000 டாலர் தர ஒருவர் முன்வந்தார். தம்மிடம் பணிசெய்த பெண்களுக்கு அரைவயிற்றுக் கூலி கொடுப்பதில் பெயர்போனவர் அவர்! ஆடம்ஸ் மறுத்தார். பிறிதொரு முறை, தையற்கூடக் கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்துக்காக வாதாடுவதைக் கைவிட்டால் 50,000 டாலர் கிடைக்கும் என்று முதலாளிகளிடமிருந்து தூது வந்தது. பணம் வரவில்லை, 1893இல் சட்டம் வந்தது. ஆலைகளில் 14 வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு வைப்பதை அது தடைசெய்தது. மறுக்கும் துணிவு எங்கிருந்து பிறந்தது? அந்த ஒரு கையையே நம்பி நிலையம் நிற்கவில்லை என்பதிலிருந்து.

உறுப்பினர் சந்தாவே எல்லா நோய்க்கும் மருந்து என்று உரைக்க வரவில்லை. கூலி பெறும் பெண் 3 டாலர் தருவாள். பசியால் ரொட்டி திருடிப் பிடிபட்ட பத்து வயதுப் பையன் எதைத் தருவான்? 1899இல் குக் மாவட்டத்திலே சிறார் நீதிமன்றம் அமைந்தது; அமெரிக்க நாட்டில் அதுவே முதலாவது. சிறுவரைச் சிறைக்கு அனுப்பாது வீட்டிலிருந்தே திருத்த நன்னடத்தை அலுவலர்களை நியமிக்கலாம் என்றது சட்டம். சம்பளம்? ஒரு காசும் ஒதுக்கவில்லை! ஹல் மாளிகையைச் சார்ந்த மாதர் குழு அமைத்து, நிதி திரட்டிச் சம்பளம் கொடுத்தனர். கொடுத்துக்கொண்டே, இது மாவட்டத்தின் கடமை என்று ஓயாது வலியுறுத்தினர். சில ஆண்டுகளில் அச்சுமை மாவட்டத்தின் தலைக்கு மாறிற்று. மாதர் குழுவோ கலையவில்லை. சிறுவரைக் கெடுக்கும் சூழல்களை எதிர்க்கும் அடுத்த வேலைக்குத் திரும்பிற்று.

ஆடம்ஸ் 1935இல் மறைந்தார். பல்கலைக்கழகம் கட்டுவதற்காக 1963இல் ஹல் மாளிகையின் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. சங்கம் நகரின் பல பகுதிகளுக்குச் சிதறிற்று. அரசு ஒப்பந்தங்களை நம்பிப் பெருத்தது. நடத்துவோர் ஒருபுறம், பெறுவோர் மறுபுறம் என்றாயிற்று. வாரச்சந்தா செலுத்தித் தலைவியைத் தேர்ந்த பெண்கள் இருந்த இடத்தில், பெயர்ப்பட்டியல் இருந்தது. 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் தேவை பெருகிற்று, வரவு சுருங்கிற்று. தடுத்து நிறுத்த ஆளில்லை. பட்டியலில் இருந்த அறுபதாயிரம் பேரில் எவருக்கும் வாக்குரிமை இருந்ததில்லையே!

எஞ்சிய பழைய கட்டடங்கள் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகமாக உள்ளன. மாதர் குழு உண்டியல் குலுக்கிச் சம்பளம் கொடுத்த நன்னடத்தை அலுவலர் பணியோ, குக் மாவட்டத்தில் இன்றும் பொதுப்பணத்தில் நடக்கிறது.