மனிதப் புரத மேற்கோள் தரவுத்தளம்

மனிதப் புரத மேற்கோள் தரவுத்தளம் என்பது மனிதப் புரதங்களையும் அவற்றுக்கு இடையேயான பிணைப்புகளையும் தொகுத்துத் தரும் இணையத் தரவுத்தளம் ஆகும். எச்.பி.ஆர்.டி. என்றும் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. ஒசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரில், அகிலேஷ் பாண்டே 2002இல் நிறுவிய உயிர்தகவலியல் நிறுவனமும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அவரது ஆய்வகமும் இணைந்து இதை உருவாக்கின.

பின்னணி

புரதங்கள் பெரும்பாலும் தனித்து இயங்குவதில்லை. டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய உதவும் பி.ஆர்.சி.ஏ.1 புரதம், பார்டு1 என்னும் புரதத்துடன் இணைந்து செயல்படுகிறது. பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் ஏற்படும் கேடான மாற்றங்கள் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆகவே எந்தப் புரதம் எதனுடன் சேர்கிறது என்று அறிவது நோயின் காரணத்தைத் தேட உதவுகிறது. இதற்கான வலைப்பின்னல் வரைபடத்தில் புரதம் ஒரு புள்ளி. பிணைப்பு ஒரு கோடு.

1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸ், ஓக்-கியூ சாங் ஆகிய இருவரும் ஈஸ்ட் செல்லைக் கொண்டு பிணைப்பைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். சோதிக்கப்படும் இரு புரதங்களும் சேர்ந்தால் மட்டுமே செல்லில் ஓர் அடையாள மரபணு இயங்கும். 2000, 2001ஆம் ஆண்டுகளில் இரண்டு குழுக்கள் இம்முறையால் ஈஸ்ட் புரதங்களைப் பெருமளவில் ஆராய்ந்தன. இரு பட்டியல்களிலும் பொதுவாக இருந்த பிணைப்புகள் மிகக் குறைவு. எந்தக் கோட்டை நம்புவது என்ற கேள்வி எழுந்தது.

தொகுத்த முறை

பெங்களூர்க் குழு கணினியை மட்டும் நம்பவில்லை. உயிரியல் படித்தவர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு பிணைப்பையும் அதற்குச் சான்றான கட்டுரையுடனும் சோதனை வகையுடனும் பதிந்தனர். உயிருள்ள செல்லில் கண்டதா, சோதனைக் குழாயில் கண்டதா, ஈஸ்ட் முறையில் கண்டதா என்று பயனர் பிரித்தறியலாம். 2003இல் 2,750 புரதங்களுடன் அறிமுகமான இத்தளம், 2010இல் வந்த 9ஆம் வெளியீட்டில் 30,047 புரதப் பதிவுகளையும் 41,327 பிணைப்புகளையும் கொண்டிருந்தது. கல்விப் பயன்பாட்டிற்குக் கட்டணம் இருக்கவில்லை.

தொடர்ச்சி

இவ்விரு நிறுவனங்களும் பிற ஆய்வாளர்களும் சேர்ந்து, 30 வகை இயல்பான மனித மாதிரிகளை நிறைநிறமாலைமானியால் ஆராய்ந்து, 17,294 மரபணுக்களின் புரதங்களை இனங்கண்டனர். மனிதப் புரதத் தொகுதியின் இந்த முதல்நிலை வரைபடம் 2014 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இது எந்த உறுப்பில் எந்தப் புரதம் உள்ளது என்று காட்டியது. ஒரே உறுப்பில் காணப்படாத இரு புரதங்கள் அங்கே பிணைய வாய்ப்பில்லை என்பதால், பிணைப்புக் கோடுகளைச் சரிபார்க்கவும் இத்தகைய தரவு துணைசெய்கிறது.

வரம்புகள்

கட்டுரைகளிலிருந்து திரட்டிய வரைபடத்தில், புற்றுநோய் தொடர்பானவை போன்று அதிகம் ஆராயப்பட்ட புரதங்களுக்கே அதிகக் கோடுகள் அமைகின்றன. ஒரு புரதத்திற்குக் கோடு இல்லையெனில் அதற்குப் பிணைப்பே இல்லை என்று பொருளன்று; அது இன்னும் ஆராயப்படாமலும் இருக்கலாம்.