பாலகாட் லைன் வீடும் ஒரு முத்திரைத்தாளும்

போன வாரம் தங்கவயலிலிருந்து சித்தப்பா போன். "டேய், பாலகாட்ல நாம இருந்த அதே லைன் வீடு விலைக்கு வருது. நீ பணம் அனுப்பினா முடிச்சிடலாம்." கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம்: முத்திரைத்தாள், நோட்டரி சீல், இரண்டு கையெழுத்து.

மெல்போர்ன் குளிரில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் வேப்பமரம் வரை ஞாபகம் வந்துவிட்டது. கூடவே ஒரு சந்தேகமும். அந்த வீடு என்றைக்கு யாருக்குச் சொந்தமாக இருந்தது?

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1875-இல் மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் ராணுவ வீரர் கோலாரில் தங்கம் தோண்ட மைசூர் அரசிடம் உரிமை வாங்கினார். கைக்காசு தீர்ந்தது. 1877-இல் அதே உரிமையை வேறொரு கூட்டத்துக்கு மாற்றிக் கொடுத்தார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அப்புறம் லண்டனில் பங்கு விற்றுப் பல கம்பெனிகள்; அதில் ஒன்றுதான் பாலகாட். ஆக, ஒரு துண்டுக் காகிதம் கைமாறிக் கைமாறிக் காசானது.

அங்கே இறங்கி வேலை செய்த நம்மாட்கள் வடார்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது முதலில் மூங்கில் தட்டி வீடு, பிறகு லைன் வீடு. நிலம் அரசின் குத்தகை, வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை கூரை, அவ்வளவுதான். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசுக்குப் போனது, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். முதலாளி பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. 2001-இல் மூடினார்கள். நந்திதுர்க்கில் வேலை பார்த்த அப்பாவின் டிரங்குப் பெட்டியில் சம்பளச் சீட்டு, பி.எஃப். தாள் எல்லாம் இருந்தது. பட்டா மட்டும் இல்லை.

அதனால் சித்தப்பாவிடம் கேட்டேன்: "விக்கிறவர் பேர்ல பதிவான கிரயப் பத்திரம் இருக்கா? கத்தா யார் பேர்ல? வில்லங்கச் சான்று போட்டீங்களா?" மறுமுனையில் மௌனம்.

நம் சட்டம் இதில் தெளிவு. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் கிரயம் பதிவாக வேண்டும். நோட்டரி சீல் பதிவு ஆகாது. விற்பனை ஒப்பந்தமும் பவர் பத்திரமும் மட்டும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறியதாகச் சொல்ல முடியாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்கள் பவர் எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது (எனக்கும் போன வருடம்தான் தெரியும் :-)).

"அப்ப அண்ணன் முப்பது வருஷம் இருந்த வீடு?" என்றார் சித்தப்பா.

பதில் சொல்லத் தெரியவில்லை. மூலப்பத்திரம் கிடைத்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.