சஃபாரிக்கு முந்திய தண்ணீர்

மதுரையில் இறங்கித் தேக்கடி போகும் சொகுசுப் பயணிக்குப் போட்டுத் தரும் திட்டத்தை நான் ஒரு வரலாற்று ஆவணமாகவே வாசிக்கிறேன். காலையில் படகு, கரையில் யானை, இரவில் ராஜாவின் பழைய ஏரி மாளிகை. சவன்னாவில் ஜீப், இங்கே படகு.

அந்த ஏரி 'இயற்கை' இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை எழுதி, 1895இல் மதுரைச் சமவெளிக்காகத் தேக்கிய தண்ணி. மேலூர் வயலுக்கு அது பாசனம்; படகிலிருந்து பார்த்தால் வெறும் காட்சி.

1934இல் திருவிதாங்கூர் ஏரியைச் சுற்றி வேட்டை விலங்குச் சரணாலயம் அறிவித்தது. 1978இல் அது புலிகள் காப்பகம். காட்டுக்குள் இருந்த மன்னான், பளியர் குடிகள் விளிம்புக்கு வந்தார்கள். செரங்கெட்டியிலும் இதே கதைதான்: 1959இல் மாசாய்களை வெளியேற்றிய பிறகே அது 'மனிதர் அற்ற' வனமானது.

காவலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1990களின் கடைசியில், வயணாப் பட்டை திருடி விற்ற ஆளுங்களே அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். காட்டை அறிந்தவன் காட்டுக்கு எதிரி இல்லை என்பதற்கு வேற சாட்சி தேவையில்லை. ஆனால் வழிகாட்டுவது கூலி, உரிமை வேறு. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தந்த அதிகாரத்தைப் பற்றி, நான் வாசித்த எந்தப் பயணத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை.