சிங்கப்பூர்க் கணிதம் வீடுகளுக்குச் சென்ற வரலாறு

பிள்ளைக்கு வீட்டிலேயே கணிதம் கற்பிக்க விழையும் தாய் ஒருவர், எந்தப் பாடநூலை வாங்கலாம் என வினவினார். சிங்கப்பூர் நூல்கள் நல்லவை எனப் பலரும் கூறக் கேட்டிருக்கிறார். அவை பிறந்த வரலாற்றை அறிந்தபின் வாங்குவதே நன்று.

1980இல் சிங்கப்பூரில் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. அதன் குழுவினர் எழுதிய தொடக்கநிலைக் கணித நூல்கள் 1982இல் வெளிவரலாயின. முதலில் கைப்பொருள், அடுத்துப் படம், பின்னரே எண்ணும் குறியும் என்பது அவர்கள் கொண்ட வரிசை. ஜெரோம் புரூனரின் கருத்தைத் தழுவியது. சொற்கணக்குகளில் மாணவர் இடறுவதைக் கண்டு, கட்டம் வரைந்து தீர்க்கும் முறையையும் வகுத்தனர். அக்காவிடம் தம்பியைப்போல் மூன்று மடங்கு மணிகள், மொத்தம் 48. தம்பிக்கு ஒரு கட்டம், அக்காவுக்கு மூன்று. நான்கு கட்டம் 48 எனில் ஒரு கட்டம் 12. இயற்கணிதம் அறியாத பிள்ளைக்கும் விடை கண்ணெதிரே தெரிகிறது!

1995ஆம் ஆண்டின் அனைத்துலக ஆய்வில் சிங்கப்பூர் மாணவர் கணிதத்தில் முதலிடம் பெற்றனர். 1998இல், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துத் தம்பதியர் இந்நூல்களைத் தருவித்து விற்கத் தொடங்கினர். வீட்டுக்கல்விப் பெற்றோர் விரும்பி வாங்கினர்.

இங்கேதான் ஓர் இடர். இவை பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்துவதற்கென எழுதப்பட்ட மெல்லிய நூல்கள். கைப்பொருள் கொண்டு செய்யவேண்டிய முதற்படி பெரும்பாலும் ஆசிரியர் கையேட்டில் உள்ளது. பாடநூலும் பயிற்சிநூலும் மட்டும் வாங்குவோர் அப்படியைத் தாண்டிப் படத்திலேயே தொடங்கிவிடுகின்றனர்.

கையேட்டையும் சேர்த்து வாங்குமாறு அத்தாயிடம் கூறினேன். அது வரும்வரை 48 புளியங்கொட்டைகள் போதும்.