கரியைத் துடைத்த கதை

பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்கள் பாட்டி வீட்டில் சுவர்களுக்கு வெள்ளையடிப்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்று, துணியில் வடிகட்டி, சிறிது நீலம் கலந்து, மட்டையால் இழுப்பார்கள். மழைக்காலத்துப் பாசி, அடுப்புப்புகை, வண்டிச் சக்கரம் தெறித்த சேறு எல்லாம் அந்த ஒரு பூச்சுக்குள் மறைந்துவிடும். நாங்கள் சுவரிலிருந்து எதையும் எடுத்ததில்லை என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. அழுக்கின்மேல் இன்னொரு தோலைப் போர்த்தினோம், அவ்வளவுதான். சுவரின் அழுக்கை நீக்குவது எப்படி என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை.

அந்தக் கேள்வி பெரிதாக எழுந்த இடம், நிலக்கரி எரித்த ஐரோப்பிய நகரங்கள். அங்கே வீட்டின் கல்லை மூடாமல் காட்டுவது கௌரவம். காட்டிய கல் கறுத்தபோது என்ன செய்வது என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவர்கள் பட்ட பாட்டையே இங்கு எழுத விரும்புகிறேன். வீட்டு முகப்பைக் கழுவுவது போன்ற அற்பமான காரியத்துக்கு வரலாறு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தெருத்தெருவாக வீடுகள் தம் முகத்தை இழந்தது இந்த அற்பமான காரியத்தால்தான்.

பாரிஸில் 1852 மார்ச் 26ஆம் தேதி ஓர் ஆணை பிறந்தது. வீடுகளின் முகப்புகள் எப்போதும் துப்புரவாக இருக்கவேண்டும், பத்தாண்டுக்கு ஒருமுறையாவது அவற்றைச் சுரண்டவோ, வண்ணம் பூசவோ, சுண்ணாம்பு அடிக்கவோ வேண்டும் என்பது அதன் சாரம். மூன்றாவது வழி நம் பொங்கல் வெள்ளையடிப்பேதான். முதல் வழிதான் விபரீதமானது. பாரிஸின் கட்டடக்கல் வெளிர்மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல், இரும்புக் கருவிக்கு எளிதில் வழிவிடும். ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் அழுக்கோடு கல்லும் ஒரு படலம் போகும். சன்னலுக்கு மேலிருக்கும் இலைக்கொத்து ஒவ்வொரு பத்தாண்டிலும் கொஞ்சம் மழுங்கும். சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த வீட்டுக்காரருக்கே இழப்பு அதிகம். நல்லவேளையாக, பலரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. தூங்கிக்கிடந்த அந்த ஆணையைத் தூசி தட்டி எழுப்பியவர் ஒரு நாவலாசிரியர். 1959இல் பண்பாட்டு அமைச்சரான ஆந்த்ரே மால்ரோ. 1960களில் பாரிஸ் கறுப்பைக் களைந்து மஞ்சளாக மாறியது அவர் காலத்தில்தான்.

லண்டனின் கதை இன்னும் பழையது. நிலக்கரிப் புகையால் நகரம் பாழாகிறது என்று ஜான் ஈவ்லின் 1661இல் மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு ஒரு சிறுநூலே எழுதிச் சமர்ப்பித்தார். ஐந்தாண்டுகளில் பெருந்தீ நகரத்தைத் தின்றது. எரிந்துபோன புனித பவுல் பேராலயத்தைப் புதிதாகக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? லண்டனுக்குக் கப்பலில் வந்த நிலக்கரிமீது விதித்த வரியிலிருந்து. கிறிஸ்டோபர் ரென் அந்தப் பணத்தில் வெண்மையான போர்ட்லாண்ட் சுண்ணாம்புக்கல்லை வாங்கிக் கட்டினார். வரி கட்டி எரிக்கப்பட்ட அதே கரியின் புகை, பிறகு இருநூற்றைம்பது ஆண்டுகள் அந்தக் கல்லின்மேல் படிந்தது. 1952 டிசம்பரில் ஐந்து நாள் நீடித்த நச்சுப்புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன்பிறகே கட்டடங்களைக் கழுவுவதில் அர்த்தம் பிறந்தது. அதற்குமுன் கழுவியிருந்தால் சில ஆண்டுகளில் மறுபடியும் கறுத்திருக்கும்.

இவ்விடத்தில் கொஞ்சம் வேதியியல் பேசியாகவேண்டும், பொறுத்தருள்க. சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கும் கறுப்பு, மேசைமேல் இருக்கும் தூசியைப் போன்றதன்று. புகையிலுள்ள கந்தக வாயு ஈரத்தோடு சேர்ந்து கல்லின் மேற்பரப்பையே ஜிப்சமாக மாற்றிவிடுகிறது. அந்த ஜிப்சப் படிகங்களுக்கிடையே புகைக்கரி சிக்கிக்கொள்கிறது. அதாவது அந்தக் கறுப்பு ஓடு ஒருகாலத்தில் கல்லாக இருந்ததுதான். மழை நேராக விழும் இடங்களில் அது அவ்வப்போது கரைந்துபோவதால் சுவர் வெளுத்தே இருக்கும். சன்னல் மேலடியின் நிழலிலும் சிற்பங்களின் தாடைக்குக் கீழும் திரண்டு கறுக்கும். பழைய லண்டன் புகைப்படங்களில் கட்டடங்கள் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக, கண்மை கலைந்த முகம்போலத் தெரிவதன் காரணம் இதுவே.

நோயிலேயே மருந்தும் இருக்கிறது. ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையும். கல்லோ மிகமிகக் குறைவாகவே கரையும். எனவே சுண்ணாம்புக்கல்லுக்கு ஏற்றது வெறும் தண்ணீர். பீய்ச்சியடிக்காமல் பனிபோல மணிக்கணக்கில் தூவி, ஓடு இளகியபின் மென்மையான தூரிகையால் துடைத்தெடுப்பது. தண்ணீர்தானே என்று அலட்சியமாக இருந்தவர்களும் பட்டார்கள். இணைப்புகளின் வழியே உள்ளே இறங்கிய நீர், கற்களைக் கோத்திருந்த இரும்புப் பட்டைகளைத் துருப்பிடிக்க வைத்தது, சுவருக்குள் செருகிய உத்தரங்களின் முனைகளை உளுக்க வைத்தது. ஆகவே எவ்வளவு நேரம் தூவுவது, எப்போது நிறுத்துவது என்பதும் முறையின் பகுதியாயிற்று. உறைபனிக் காலத்தில் தொடவே கூடாது.

லண்டனும் பாரிஸும் கற்ற பாடம் வடக்கே கிளாஸ்கோவில் பலிக்கவில்லை. அங்கே வீடுகள் மணற்கல்லால் ஆனவை. மூன்று நான்கு மாடிகள், பொதுவான படிக்கட்டு, தளத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் என்று அடுக்கிய, 'டெனமெண்ட்' எனப்படும் குடியிருப்புகள் தெருநீளத்துக்கு நிற்கும். பழையவை உள்ளூர்க் குவாரிகளிலிருந்து வந்த இளமஞ்சள் கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியவை டம்ஃப்ரீஸ், அயர்ஷயர் பகுதிகளிலிருந்து ரயிலில் வந்த சிவப்புக் கல். ஆனால் 1960களில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டவர் அரிது. எல்லாமே கறுப்பு. அந்தக் கறுப்போ தண்ணீருக்கு அசையாது. மணற்கல் என்பது சிலிக்கா மணிகள் சிலிக்காவாலோ களிமண்ணாலோ இரும்பு ஆக்சைடாலோ ஒட்டப்பட்ட திரள். அதன் அழுக்கில் கரைந்து வழிவிடும் ஜிப்ச ஓடு இல்லை. கரி நேராக மணிகளின் இடுக்குகளில் பற்றியிருக்கும்.

எனவே இரண்டு வழிகளை நாடினார்கள். முதலாவது, காற்றழுத்தத்தில் துகள்களை வீசியடிப்பது. நாம் மணல் வீச்சு என்கிறோம். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்மன் 1870இல் காப்புரிமை பெற்ற கருவி இது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர். அவர் கருவியின் நோக்கங்கள் கல்லை வெட்டுவதும் கண்ணாடியில் பூவேலை பொறிப்பதும் ஆகும். இந்த ஒரு தகவலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டுவதற்காகப் பிறந்த ஒன்றைக் கழுவுவதற்குக் கொண்டுவந்தார்கள். அது அழுக்கையும் கல்லையும் பிரித்தறியாது. மென்மையானதை முதலில் தின்னும். மணற்கல்லின் படிவுகளில் மென்மையான அடுக்குகள் குழிந்தன. கல்தச்சன் இணைகோடுகளாக விட்டுச்சென்ற உளித்தடங்கள் கலங்கின, விளிம்புகள் உருண்டன.

இரண்டாவது வழி அமிலம். சிலிக்காவைக் கரைக்கும் அமிலம் ஒன்றுதான் நடைமுறையில் உண்டு, ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளிறங்கி எலும்புவரை செல்லக்கூடியது. சாரத்தின்மேல் நின்று அதைச் சுவரில் பூசிய தொழிலாளர்களை நினைத்துப் பார்க்கிறேன். கட்டடக்கலை நூல்களில் அவர்களுக்கு இடமில்லை. மணிகளின் மேற்பரப்பை அமிலம் சற்றே கரைக்க, கரி பிடியிழந்து கழுவப்படும். நேரம் தப்பினால் வெண்மையான சிலிக்காப் படலம் படியும், அதைப் பிறகு எதனாலும் எடுக்க முடியாது. கல்லிலுள்ள இரும்பு இளகி மேலே வந்து செம்பழுப்புக் கறைகளாக உறையும். சுண்ணாம்புக்கல்லில் பட்டாலோ கதை வேறு. அமிலம் எதுவாயினும் அந்தக் கல்லையே தின்னும். தெருவின் ஒரு வீட்டுக்குப் பொருத்தமான வாளி, அடுத்த வீட்டுக்கு நஞ்சாகலாம்.

இவற்றையெல்லாம் அறியாமையின் அட்டூழியம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் கிளாஸ்கோவின் வரலாறு அப்படி எழுத விடவில்லை. 1960களில் அந்த நகரம் தன் டெனமெண்ட்களைச் சேரிகள் என்று முத்திரை குத்தி வட்டாரம் வட்டாரமாக இடித்துக்கொண்டிருந்தது. கறுப்பு என்பது வறுமையின், நோயின் நிறமாகிவிட்டிருந்தது. 1974ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டங்களுக்குப் பிறகு, குடியிருப்போரே சேர்ந்த வீட்டுவசதிச் சங்கங்கள் அரசுப் பணத்தில் பழைய வீடுகளைப் புதுக்கத் தொடங்கின. உள்ளே குளியலறை வந்தது, வெளியே கல் வெளுத்தது. தங்கள் தெரு மஞ்சளும் சிவப்புமாக இருப்பதை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் முதன்முறையாகக் கண்டார்கள். இடிக்கத்தக்கது என்று இருந்த வீடு, காக்கத்தக்கது என்று ஆனதில் அந்த நிறத்துக்குப் பெரும் பங்குண்டு. 1990இல் கிளாஸ்கோ ஐரோப்பாவின் பண்பாட்டு நகரமாக விழா கண்டபோது விருந்தினர்கள் பார்த்தது கழுவப்பட்ட நகரத்தை. கல்லைக் காயப்படுத்திய அதே வேலை கட்டடத்தைக் காப்பாற்றியது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவரை நான் நம்புவதில்லை.

கணக்கு பிற்பாடுதான் வந்தது. 1990களில் அபர்டீனின் ராபர்ட் கார்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுவிய மணற்கற்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். கரடுமுரடான மேற்பரப்பில் ஈரம் தங்கியது, உள்ளே எஞ்சிய வேதிப்பொருள்களின் உப்பு கல்லைப் பொரிய வைத்தது. வேடிக்கை என்னவென்றால், கழுவிய சில கற்களில் பச்சைப்பாசி முன்னிலும் விரைவாகப் படர்ந்தது. துப்புரவுக் கலவையில் மிஞ்சிய பாஸ்பேட் அதற்கு உரமாயிற்று. முதலில் கல் எது என்று ஆய்வகத்தில் பார்த்து, மறைவான ஓரத்தில் சிறு பரப்பில் சோதித்து, தேவையில்லை என்றால் விட்டுவிடவேண்டும் என்ற விதி இந்தச் செலவில் கிடைத்ததே.

அமெரிக்காவில் பலியானது செங்கல். சூளையில் வேகும்போது செங்கல்லின் வெளிப்புறம் கெட்டியான மேற்தோலாக இறுகும், உட்புறம் மென்மையாகவே இருக்கும். பழைய வண்ணத்தை நீக்கச் செங்கல் வீடுகளில் மணலை வீசியபோது அந்தத் தோல் உரிந்தது. பிறகு நீர் உறிஞ்சி, பனியில் உறைந்து, செங்கல் பொடிந்தது. உரிந்த தோலை மறுபடி வேகவைக்க வழியில்லை. 1977இல் அந்நாட்டு உள்துறை வகுத்த பாதுகாப்பு நெறிகள் மணல் வீச்சைக் கூடாது என்றன. 1979இல் தேசியப் பூங்காத் துறை அதன் தீமைகளைப் பற்றித் தனிக் கையேடே வெளியிட்டது. மரச்சுவருக்கு அது இன்னும் மோசம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மென்மையான மரவரிகள் அரிக்கப்பட்டு, வலுவான வரிகள் முதியவர் கைந்நரம்புபோலப் புடைத்து நிற்கும். இந்தச் சுவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் போதுமானவை குறைந்த அழுத்த நீரும், மென்மையான சோப்பும், தூரிகையும், கொஞ்சம் பொறுமையும்தான். ஒப்பந்தக்காரருக்கு அதில் லாபம் குறைவு.

டில்மனின் கருவி நம் ஊருக்கும் வந்தது. கும்பாபிஷேகத் திருப்பணிகளில், தூண்கள்மேல் தலைமுறை தலைமுறையாக ஏறியிருந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க மணல் வீச்சைப் பயன்படுத்தினார்கள். கருங்கல் கடினமானது, தாங்கும் என்றார்கள். கல் தாங்கியது. கல்லில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டியிருந்த எழுத்துகளுக்கு அந்தத் திராணி இல்லை. கல்வெட்டறிஞர்கள் கூக்குரலிட்டது அதனால்தான். பூசிய சுண்ணாம்பு எழுத்தை மறைத்ததேயொழிய அழிக்கவில்லை. பக்குவமாக நீரில் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் பொறுமையாக எடுத்திருந்தால் அடியில் அது அப்படியே இருந்திருக்கும்.

இறுதியாக ஒரு கட்டடம். வீடு அல்ல எனினும் இலக்கிய வாசகர்களுக்கு அது நெருக்கமானது. எடின்பரோவின் பிரின்சஸ் தெருவில் வால்டர் ஸ்காட்டுக்காக 1840களில் எழுப்பிய, 61 மீட்டர் உயரக் கோபுர நினைவுச்சின்னம். அதன் பின்னி மணற்கல்லில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆகவே புகைக்கரியை அது ஆவலோடு இழுத்து வைத்துக்கொண்டது. பக்கத்துக் கட்டடங்கள் பல வெளுத்துக்கொண்டிருந்த காலத்தில் இதையும் கழுவலாமா என்று ஆராய்ந்தார்கள். கழுவினால் கல் சேதமாகும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். 1990களின் இறுதியில் நடந்த சீரமைப்பில், பழைய பின்னி குவாரியை மறுபடி திறந்து கல் எடுத்து, உதிர்ந்த பகுதிகளை மட்டும் மாற்றினார்கள். புதிய கற்கள் கறுத்த உடலில் வெளிறிய ஒட்டுகளாக அப்பட்டமாகத் தெரிந்தன. கறுப்புப் பூசி அவற்றை மறைக்க எவரும் முயலவில்லை. கோபுரத்தின் மற்ற பகுதி இன்றும் கறுப்பாகவே நிற்கிறது.