அழுத்தக் காற்றும் முதுகெலும்பும்

பிராணவாயு என்றொரு வஸ்து உண்டென்பதையே விஞ்ஞானம் கண்டறியாதிருந்த 1660களில், இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய ஹென்ஷா, துருத்திகளால் காற்றை அழுத்தி நிரப்பிய ஓர் அடைப்பறைக்குள் நோயாளியை அமர்த்தினால் பல பிணிகள் குணமாகும் என்று பிரேரணை செய்தார். ஆதாரத்துக்கு வெகு முன்னால் ஓடிய இந்த நம்பிக்கை, 1928இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், டாக்டர் கன்னிங்ஹாமின் யோசனைப்படி, 64 அடி விட்டமுள்ள எஃகு உருண்டையாகவே எழும்பி நின்றது. மாடி மாடியாகப் படுக்கையறைகள் கொண்ட அந்த உருண்டைக்குள் நீரிழிவு, புற்றுநோய் முதலிய வியாதிகளோடு வந்தவர்கள் தங்கியிருந்து சுவாசித்ததெல்லாம் அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றே. அமெரிக்க மருத்துவச் சங்கம் கேட்ட ருசு கடைசிவரை கிடைக்கவில்லை. யுத்த காலத்தில், 1942இல், உருண்டை பழைய இரும்பாக உடைபட்டது.

அழுத்தத்தில் பிராணவாயுவைத் தரும் சிகிச்சைக்கு உண்மையான அஸ்திவாரத்தை இட்டவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரணசிகிச்சை நிபுணர் பூரமா. பன்றிக்குட்டிகளின் இரத்தத்தை வடித்து, அதனிடத்தில் பிளாஸ்மாவையும் அதனையொத்த திரவங்களையும் செலுத்தி, சிவப்பணுக்கள் அநேகமாக அற்றுப்போன நிலையில், மூன்று வாயுமண்டல அழுத்தத்தில் சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தபோது, அவை உயிரோடிருந்தன என்று 1960இல் அவர் வெளியிட்டார். திரவத்தில் கரைந்த பிராணவாயுவே உயிரைத் தாங்கப் போதுமென்பது இவ்வாறு பிரத்தியட்சமாயிற்று. அடுத்த ஆண்டே அவருடைய சகா புருமெல்காம்ப், வாயு உண்டாக்கும் கிருமிகளால் தசை அழுகும் நோய்க்கு இச்சிகிச்சையைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளுக்குள் நாட்பட்ட எலும்புச் சீழ் நோய்க்கும் இது பிரயோகிக்கப்பட்டது.

முதுகெலும்பின் சீழ் நோயில் இச்சிகிச்சைக்கு விசேஷ நியாயம் உண்டு. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்குப் பெரியவர்களிடத்தில் சொந்த இரத்த நாளம் அநேகமாக இல்லை. சிறுநீர்ப் பாதையிலிருந்தோ தோலிலிருந்தோ இரத்தத்தில் மிதந்துவரும் கிருமி வட்டையடுத்த எலும்பு விளிம்பில் குடிகொண்டு சீழ் கட்டிவிட்டால், வெள்ளையணுக்கள் அதனை விழுங்கினாலும், பிராணவாயு குன்றிய இடத்தில் செவ்வையாகக் கொல்ல மாட்டா. எனவே பருத்தி உடை மட்டும் தரித்து அழுத்த அறைக்குள் படுக்கும் நோயாளி, அழுத்தம் ஏறுகையில் அடைக்கும் காதுகளை எச்சில் விழுங்கித் திறந்துகொண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம், வாரக்கணக்கில், வாயுமண்டலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு அழுத்தத்தில் பிராணவாயுவை வாங்குகிறார்.

ஆயினும் செத்த எலும்புக்குள் எந்த அழுத்தமும் இரத்தத்தைக் கொண்டுசெல்லாது. அதனைச் சுரண்டி எடுப்பது கத்தியின் வேலை, கிருமியை ஒடுக்குவது ஆன்டிபயாடிக் மருந்தின் வேலை. அவ்விரண்டுக்கும் அடங்காத நோய்க்குத் துணையாக நிற்பதே இச்சிகிச்சைக்கு உரிய ஸ்தானம் என்பது என் திடமான அபிப்பிராயம். முதுகெலும்பைப் பொறுத்தவரை, இதுவரை திரண்டுள்ள சான்று பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் வரலாறுகளே. பல ஆஸ்பத்திரிகள் கூடி முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றை நடத்துவது, வலியோடு படுத்திருக்கும் அந்த நோயாளிகளுக்குச் செய்யவேண்டிய அவசரக் கடமை.